கணக்குக் கேட்ட நீதியரசர்

ஒரு சமுதாயம் தன் குறையை எடுத்துரைக்க இரண்டு வழிகள் உண்டு. புலம்புவது ஒன்று; கணக்கைக் காட்டிக் கேட்பது மற்றொன்று. புலம்பலைக் கேட்டு இரங்குவோர் இருக்கலாம். ஆனால் அதற்கு விடை சொல்லியாக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கணக்கு அப்படிப்பட்டதன்று. அதனை மறுப்பவர் வேறொரு கணக்கைக் கொண்டுவர வேண்டும். மறுக்க இயலாதவர் விடை கூற வேண்டும்.

விடுதலைக்குப் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இந்திய முஸ்லிம்களாகிய நாம் பெரும்பாலும் முதல் வழியிலேயே நடந்து வந்தோம். இரண்டாம் வழியை நமக்குத் திறந்து வைத்த பெரியவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். லாகூரில் பிறந்து, பிரிவினையால் சொந்த மண்ணை இழந்த பஞ்சாபிக் குடும்பம் ஒன்றின் மைந்தர் அவர். வழக்கறிஞராகவும் நீதியரசராகவும் பின்னர் மீண்டும் வழக்கறிஞராகவும் வாழ்ந்து, 2018 ஏப்ரல் 20ஆம் நாள் புதுடில்லியில் 94ஆம் வயதில் மறைந்த ராஜிந்தர் சச்சார் அவர்களே அப்பெரியவர்.

‘சச்சார் குழு’ என்னும் பெயரைக் கேளாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. மதுரைக் கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும், மேலூரிலும் திருமங்கலத்திலும், நம் கூட்டங்களின் மேடைகளில் அப்பெயர் தவறாமல் ஒலிக்கிறது. ஆயினும் அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், அவர் எதற்காக வாழ்ந்தார், அவர் எழுதித் தந்த ஏட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்முள் பலருக்கும் விடை தெரிவதில்லை. நமக்காக உழைத்தவரை அறிந்துகொள்வதும் நன்றியின் ஒரு பகுதியே ஆகும்.

லாகூரிலிருந்து சிம்லாவுக்கு

1923 டிசம்பர் 22ஆம் நாள் லாகூரில் பிறந்தார் சச்சார். தந்தையார் பீம்சேன் சச்சார் விடுதலைப் போராட்ட வீரர். பிற்காலத்தில் பஞ்சாப் மாநில முதலமைச்சராகப் பதவி வகித்தவர். பாட்டனார் லாகூரில் புகழ்பெற்ற வழக்கறிஞர். லாகூரிலேயே கல்லூரிப் படிப்பையும் சட்டப் படிப்பையும் முடித்த இளைஞருக்கு அந்த நகரமே 1947இல் அயல்நாடாகிப் போயிற்று.

பிரிவினை வாளால் அறுபட்ட குடும்பங்கள் பலவற்றின் உள்ளத்தில் கசப்பு குடியேறியது. எல்லையின் இரு புறத்திலும் அந்தக் கசப்பை முதலாகக் கொண்டு அரசியல் நடத்தியவர்களும் உண்டு. சச்சாரின் உள்ளம் வேறு திசையில் சென்றது. டாக்டர் ராம் மனோகர் லோகியாவின் சோஷலிஸ்ட் இயக்கத்தில் அவர் சேர்ந்தார். நேபாளத்தில் ராணாக்களின் குடும்ப ஆட்சியைக் கண்டித்து 1949 மே மாதம் டில்லியிலுள்ள நேபாளத் தூதரகத்தின் முன் லோகியா நடத்திய ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டு ஏறத்தாழ ஒன்றரை மாதம் சிறையில் இருந்தார். அச்சிறைக்கு நேருவின் இல்லத்திலிருந்து லோகியாவுக்கு மாம்பழக் கூடை ஒன்று வந்ததைப் பிற்காலத்தில் அவர் சுவைபடக் கூறுவது வழக்கம். தாம் சிறை வைத்த எதிராளிக்கும் பழம் அனுப்பும் பண்பு அன்றைய அரசியலில் இருந்தது என்பதே அவர் சொல்ல வந்த செய்தி.

1952இல் சிம்லாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1960இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கினார். பஞ்சாப் முதலமைச்சராக இருந்த பிரதாப் சிங் கைரோன் மீது ஊழல் புகார்கள் எழுந்தபோது, அவரை எதிர்த்த சட்டமன்ற உறுப்பினர்களுக்காக 1963இல் குற்றச்சாட்டுப் பத்திரத்தைத் தீட்டித் தந்தவர் சச்சார். அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒருவரிடம் கணக்குக் கேட்ட ஏடு அது. நீதியரசர் எஸ்.ஆர். தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1964இல் கைரோன் பதவி விலகினார்.

பணிய மறுத்த நீதியரசர்

1970 பிப்ரவரியில் டில்லி உயர்நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1972இல் நிரந்தர நீதிபதியானார். 1975 மே மாதம் சிக்கிம் உயர்நீதிமன்றத்தின் பொறுப்புத் தலைமை நீதிபதியாக அனுப்பப்பட்டார். அடுத்த மாதமே, ஜூன் 25ஆம் நாள், நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

அந்நாட்களில் அவருடைய குடும்பத்துக்கு நேர்ந்த சோதனையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜனநாயகத்தை மீட்டுத் தருமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதியமைக்காகத் தந்தையார் பீம்சேன் சச்சார் 80 வயதில் சிறையில் அடைக்கப்பட்டார். சகோதரியின் கணவரான பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரும் கைதானார். தந்தை சிறையில், மைந்தர் நீதிபதியின் ஆசனத்தில். அரசின் போக்குக்கு இசைந்து நடந்திருந்தால் எத்தனையோ சுமைகள் இறங்கியிருக்கும். சச்சார் இசையவில்லை. அக்காலத்தில் இணங்காத நீதிபதிகளைத் தண்டிக்க அரசு கையாண்ட கருவி இடமாற்றம். 1976இல் உயர்நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் அவ்வாறு மாற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவராகச் சச்சாரும் தம் சம்மதமின்றி ராஜஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். நெருக்கடி நிலை நீங்கி ஆட்சி மாறிய பின், 1977 ஜூலையில்தான் டில்லிக்குத் திரும்ப முடிந்தது.

இடமாற்றம் என்னும் தண்டனையை நம் தமிழகமும் அறியும். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்கள் 1981இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது, அதனை ஏற்காமல் பதவியையே துறந்து வெளியேறியதை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். ஒருவர் பொறுத்திருந்து மீண்டார். மற்றவர் துறந்து மீண்டார். நீதிபதி எவருடைய கையாளும் ஆகலாகாது என்னும் உறுதி இருவரிடமும் ஒன்றாகவே இருந்தது.

1984 நவம்பரில், பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்து, டில்லித் தெருக்களில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். குற்றங்களைக் காவல்துறை பதிவு செய்யவே மறுக்கிறது என்னும் மனு டில்லி உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் சச்சாரின் முன் வந்தது. அவர் காவல்துறைக்கு நோட்டீஸ் அனுப்பினார். அடுத்த விசாரணைக்குள் வழக்கு வேறு அமர்வுக்குச் சென்றுவிட்டது. அதன் நினைவு முதுமையிலும் தம் உறக்கத்தைக் கெடுப்பதாக அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார். 1985 ஆகஸ்டில் டில்லி உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய ஊழியம்

ஓய்வு பெற்ற நீதிபதிகளை ஆணையங்களும் பதவிகளும் தேடி வரும். சச்சாரோ வீதிக்கு வந்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் நெருக்கடி நிலையின்போது விதையூன்றிய மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தேசியத் தலைவராக 1986 முதல் 1995 வரை பணியாற்றினார். சிவில் உரிமை என்பது என்ன? காரணமின்றிப் பிடித்துச் செல்லப்படாதிருத்தல், நம் பேச்சு ஒட்டுக் கேட்கப்படாதிருத்தல், விசாரணையின்றித் தண்டிக்கப்படாதிருத்தல், நம்மை ஆள வருபவர் யார் என்று அறிந்து வாக்களித்தல் ஆகியன போன்று, குடிமகனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் சாதி மத வேறுபாடின்றி உரியவை அவை.

தொலைபேசிகளை அரசு வரைமுறையின்றி ஒட்டுக் கேட்பதை எதிர்த்துக் கழகம் தொடுத்த வழக்கில் அவர் வாதாடினார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. தேர்தலில் நிற்பவர் தம் சொத்து, கல்வி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை மக்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என 2003 மார்ச்சில் வந்த தீர்ப்பும் கழகத்தின் முயற்சியால் கிட்டியதே. இன்று வேட்பாளர்களின் சொத்து விவரங்களை நாளேடுகளில் நாம் படித்து வியக்கிறோம் அல்லவா? அதன் பின்னால் இப்படியொரு நெடிய வழக்கு இருக்கிறது.

எல்லா வழக்கிலும் அவர் வெல்லவில்லை. ‘பொடா’ என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, 2004இல், நாடாளுமன்றம் அதனை நீக்கியது. அத்தகைய சட்டங்களால் தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் எத்தனை குடும்பங்கள் அலைக்கழிந்தன என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வழக்கின் அருமை புரியும்.

1990 ஏப்ரலில் வி.எம். தார்குண்டே, பல்ராஜ் பூரி, அம்ரிக் சிங் ஆகியோருடன் காஷ்மீர் நிலை குறித்த அறிக்கையை வெளியிட்டவர்களுள் சச்சாரும் ஒருவர். சீக்கியர் தாக்கப்பட்டபோது சீக்கியருக்காகப் பேசினார். காஷ்மீரிகள் துன்புற்றபோது காஷ்மீரிகளுக்காகப் பேசினார். ஆகவே 2005இல் முஸ்லிம்களின் நிலையை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, ஒரு தரப்பின் ஆள் என்று அவரை எவராலும் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

நம்மைப் பற்றிய கணக்கு

இந்தியச் சிறுபான்மையினரின் நிலையை ஆராய 1980இல் டாக்டர் கோபால் சிங் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1983இல் அது தந்த அறிக்கை பேசுவாரற்றுப் போயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகள் கடந்தன. 2005 மார்ச் 9ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆராய எழுவர் கொண்ட குழுவை அமைத்து, அதன் தலைமையைச் சச்சாரிடம் ஒப்படைத்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் சையித் ஹாமித் உறுப்பினராகவும், பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப் உறுப்பினர் செயலராகவும் அதில் இடம்பெற்றனர்.

குழு மாநிலம் மாநிலமாகச் சென்று மக்களைக் கேட்டது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தேசிய மாதிரி ஆய்வுகளையும் துருவிப் பார்த்தது. அரசுத் துறைகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றிடம் எழுதிக் கேட்டு எண்களைத் திரட்டியது. படைத்துறையில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. அந்தக் கணக்கு மட்டும் இறுதிவரை அறிக்கையில் இடம்பெறவில்லை. எண்ணிப் பார்ப்பதற்கே இத்தனை எதிர்ப்பு என்றால், எண்ணுக்கு எத்தகைய வலிமை உண்டு என்பதை இதிலிருந்தே உணரலாம்.

2006 நவம்பர் 17ஆம் நாள் பிரதமரிடம் அறிக்கை அளிக்கப்பட்டது. நவம்பர் 30ஆம் நாள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதிலிருந்து சில எண்களை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுகிறேன். நாட்டு மக்களுள் முஸ்லிம்கள் 13.4 விழுக்காடு. ஆனால் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுள் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். அதிகாரிகளுள் 4 விழுக்காடு. வெளிநாட்டுப் பணியில் 1.8 விழுக்காடு. ரயில்வே ஊழியருள் 4.5 விழுக்காடு, அவர்களிலும் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் கீழ்நிலைப் பணிகளில் இருந்தனர். எழுத்தறிவில் நாட்டின் சராசரி ஏறத்தாழ 65 விழுக்காடாக இருந்தபோது முஸ்லிம்களிடையே 59 விழுக்காடு. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளியின் வாசலையே மிதிக்காதவராகவோ, படிப்பைப் பாதியில் விட்டவராகவோ இருந்தார்.

முஸ்லிம்கள் அரசின் சலுகைகளால் சீராட்டப்படுகிறார்கள் என்னும் பழி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்னும் பழியும் கூடவே சேர்ந்து வந்தது. இவ்விரு பழிகளையும் ஒருசேரச் சுமக்கும் மக்கள் என்று அறிக்கை நம்மைக் குறித்தது. சீராட்டப்பட்டவர்களின் கணக்கு இவ்வாறா இருக்கும் என்று எந்த மேடைப் பேச்சாளரும் கேட்கத் தேவையில்லாமல் எண்களே கேட்டன.

அதே சமயம் சச்சார் நம்மைப் புகழ்ந்து மகிழ்விக்கவும் இல்லை. நாட்டில் பதிவு செய்யப்பட்ட வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம், அவற்றின் நிலப்பரப்பு ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட அறிக்கை, அவற்றிலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த வருமானம் 163 கோடி ரூபாய் மட்டுமே என்பதையும் எழுதியது. செம்மையாக நிர்வகித்தால் அது 12,000 கோடி ரூபாயாக உயரக்கூடும் என்றும் சுட்டியது. ஆக்கிரமிப்பும் அரசின் அலட்சியமும் இதற்குக் காரணங்கள் என்பது உண்மை. நம் முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற அமானிதத்தில் நம் பங்குக்கு நாம் என்ன கணக்கு வைத்திருந்தோம் என்னும் வினாவும் அதில் அடங்கியிருக்கிறது.

மூன்று விழுக்காடு

அறிக்கையிலுள்ள எண்களில் மதரஸா ஆசிரியனாகிய என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது வேறொன்று. பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாக்களில் பயில்வோர் எத்தனை பேர்? ஏறத்தாழ 3 விழுக்காடு.

மக்தப் வேறு, மதரஸா வேறு என்பதையும் அறிக்கை தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின்னோ மாலையிலோ பள்ளிவாசலுக்கு வந்து குர்ஆன் ஓதிவிட்டு, அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பிள்ளை மக்தபில் ஓதும் பிள்ளை. அதற்கு மார்க்கக் கல்வியும் உண்டு. பள்ளிக் கல்வியும் உண்டு. வேறு பள்ளிக்குச் செல்லாமல், ஆலிமாகவோ ஹாஃபிழாகவோ ஆவதற்கென்று தங்கிப் பயிலும் பிள்ளையே மதரஸா மாணவர். இவர்கள் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர்.

முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவிலேயே முடங்கிக் கிடக்கிறார்கள் என்று நம்மைக் குறை கூறுவோர் எண்ணியிருந்தனர். வியப்பு என்னவென்றால், நம்மவர் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். சமுதாயக் கல்வி என்றதும் மதரஸாவைச் சீர்திருத்துவதா, பாடத்திட்டத்தை மாற்றுவதா, கணினி வாங்கித் தருவதா என்றே விவாதங்கள் நடந்தன. அவையும் தேவைதான். ஆனால் எஞ்சிய 97 பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பக்கத்துத் தெருவின் மாநகராட்சிப் பள்ளியிலும், அரசுப் பள்ளியிலும், கட்டணம் வாங்கும் சிறு தனியார் பள்ளியிலும் இருக்கிறார்கள். அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லாமல் கடையிலும் பட்டறையிலும் இருக்கிறார்கள். நம் சமுதாயத்தின் நாளைய விதி பெரும்பாலும் அந்த வகுப்பறைகளிலேயே எழுதப்படுகிறது.

பெண் பிள்ளைகளைக் குறித்தும் அறிக்கை ஒரு தப்பெண்ணத்தைக் களைந்தது. மார்க்கப் பிடிப்பின் காரணமாகவே முஸ்லிம்கள் பெண்களைப் படிக்க வைப்பதில்லை என்பது பொதுவாக நிலவிய கருத்து. வறுமையும், அருகில் பள்ளி இன்மையும், விடுதி இன்மையும் அதனினும் பெரிய தடைகள் என்று குழு கண்டது. தடை எதுவென்று சரியாகத் தெரிந்தால்தான் அதனை நீக்க முடியும்.

தமிழகத்தில் நாம்

இவ்வெண்களைச் சொன்னதும் நம்மூர்ப் பெரியவர்கள், அது வடநாட்டுக் கணக்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2001 கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலத்தின் சராசரியான 73.5 விழுக்காட்டைவிட அது கூடுதல். பள்ளிகளைப் பரப்பிய பழைய தலைமுறைத் தலைவர்களும், 1956இல் தொடங்கிய மதிய உணவும், இம்மண்ணின் இணக்கமும் அதற்குத் துணை நின்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டதும் நம் மதுரையின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில்தான். மதுரை கே.கே. நகரில் வக்ஃபு வாரியத்தின் பெயராலேயே ஒரு கல்லூரி நடைபெறுவதும் நாம் பெற்ற பேறு. பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு 2007இல் தனியே பிரித்து வழங்கப்பட்டது.

ஆயினும் எழுத்தறிவு வேறு, கல்வி வேறு. பெயரெழுதத் தெரிந்தவரும் பட்டம் பெற்றவரும் ஒரே நிரலில் எண்ணப்படுவர். ஒதுக்கீட்டின் பயனைப் பெறுவதற்குப் பிள்ளை முதலில் 12ஆம் வகுப்பைக் கடந்தாக வேண்டும். மக்தபில் என்னிடம் ஓதிய பிள்ளைகளுள் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்றவர்கள் உண்டு. ஒருவன் பாத்திரக் கடையில் நிற்கிறான். ஒருவன் பிரியாணிக் கடையில் மேசை துடைக்கிறான். ஒருவன் கைலி மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறான். உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால் அந்தப் பிள்ளை நின்ற நாளில் அவன் நின்றான் என்பதை அறிந்தவர் யார்? பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கப்பட்டது. வீட்டில் ஒரு சம்பளம் கூடிற்று. மஹல்லாவில் எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

நம் ஜமாஅத்துகள் கணக்கில் குறைந்தவை அல்ல. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது. சந்தாப் புத்தகம் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை தலைக்கட்டு, யார் எத்தனை மாதம் பாக்கி என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அந்தப் புத்தகத்தில் இன்னும் ஒரு பத்தியைச் சேர்ப்பதற்கு எந்த அரசின் உத்தரவும் வேண்டியதில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, நின்றுவிட்டவர் உண்டா, எந்த வகுப்பில் நின்றார், என்ன காரணம் என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதினால் போதும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வாரத்தில் இளைஞர்கள் நால்வர் இரண்டு மாலைப் பொழுதில் ஒரு மஹல்லாவை முடித்துவிடலாம்.

அதன் பயன் உடனே தெரியும். கட்டணம் கட்ட இயலாமல் நின்ற பிள்ளை எது, கணக்குப் பாடத்தில் தவறியதால் வெட்கப்பட்டு நின்ற பிள்ளை எது, தந்தை நோயுற்றதால் வேலைக்குப் போன பிள்ளை எது என்று பிரித்து அறியலாம். முதற் பிள்ளைக்கு ஸகாத் நிதியும், இரண்டாம் பிள்ளைக்கு மாலை வகுப்பும், மூன்றாம் பிள்ளையின் வீட்டுக்கு அரிசியும் மருந்தும் தேவைப்படும். மூவருக்கும் ஒரே ஊக்க உரையை ஜும்ஆ மேடையிலிருந்து நிகழ்த்துவதால் ஒரு பிள்ளையும் வகுப்பறைக்குத் திரும்பி வராது.

அரசிடம் கேட்பதற்கும் இந்த ஏடே கருவி. சச்சார் அறிக்கைக்குப் பின் சிறுபான்மை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகைகள் விரிவாக்கப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவித்தொகையை 2022இல் ஒன்றிய அரசு நிறுத்தியது. உயராய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவாகச் சச்சார் குழு பரிந்துரைத்த சம வாய்ப்பு ஆணையம் சட்டமாக வடிவெடுக்கவே இல்லை. இவற்றால் எங்கள் மஹல்லாவில் இத்தனை பிள்ளைகள் பாதிக்கப்பட்டனர் என்று எண்ணோடு எழுதும் மனுவுக்குள்ள கனம், வெறும் கண்டனத் தீர்மானத்துக்கு இராது. வழக்காட நேர்ந்தாலும் அப்படியே. 2004 ஜூலை 24 முதல் உயர்நீதிமன்றத்தின் கிளை நம் மதுரையிலேயே இருக்கிறது. அங்கே வாதாட நம் வீட்டுப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாகச் சட்டம் படித்து வர வேண்டும். அவர்கள் கையில் கொடுப்பதற்கு நம்மிடம் கணக்கும் இருக்க வேண்டும்.

அவருக்கு நாம் செலுத்தும் நன்றி

சச்சார் அவர்களை நமக்காகப் பேசியவர் என்று மட்டும் போற்றினால் அவரைப் பாதியாக்கியவர்கள் ஆவோம். முஸ்லிம்களுக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்று அவர் கேட்டதில்லை. அவர் பரிந்துரைத்தவற்றுள் பெரும்பாலானவை, பின்தங்கிய எந்தப் பிரிவினருக்கும் உதவக்கூடியவை. வயது எண்பத்தேழு ஆகியும், 2011 ஆகஸ்டில் டில்லியில் ஊழல் எதிர்ப்புப் போராட்டத்தை ஒட்டிப் பலர் கைதானபோது அவரும் அவர்களோடு பிடித்துச் செல்லப்பட்டார். உரிமை என்பதைத் தம் சொந்தக் கூட்டத்தின் உடைமையாக அவர் ஒருபோதும் கருதவில்லை.

நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் உற்றாருக்கோ எதிராக அமைந்தாலும் சரியே என்பது இறைமறை நமக்கு இட்ட கட்டளை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பதும் அதன் கட்டளையே. பிரிவினையில் மண்ணை இழந்தும் வெறுப்பை ஏற்காமல், தம்மிடமிருந்து நம்பிக்கையால் வேறுபட்ட மக்களின் உண்மை நிலையை நாட்டின் முன் சாட்சியாக வைத்த ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கும்போது, இக்கட்டளைகளை நாம் எத்தனை முறை ஓதியும் எத்தனை முறை கடைப்பிடித்தோம் என்னும் வினா எழாமல் இராது. நம் தெருவில் குப்பை அள்ள வரும் தொழிலாளிக்கோ, பக்கத்துக் கிராமத்தில் பொதுக் கிணறு மறுக்கப்பட்டவருக்கோ அநீதி நேரும்போது நம் ஜமாஅத்தின் குரல் எழுகிறதா என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

அன்பார்ந்த சகோதர, சகோதரிகளே! சச்சார் அவர்களுக்குச் சிலையோ விழாவோ தேவையில்லை. வரும் கல்வியாண்டில் உங்கள் மஹல்லாப் பதிவேட்டில் அந்த ஒரு பத்தியைத் திறந்து வையுங்கள். படிப்பை விட்டு நின்ற முதல் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். எழுதிய கையோடு அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள். கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று நம் எல்லாருக்கும் உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். அந்நாளில் நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் கேட்கப்படுவோம். அதற்கு விடை கூறத் தக்கவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.